ஐஸ் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பழகிய அனுபவம்

உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படித்துவிட்டு, பல்கலைக்கழகம் கிடைக்காமல் வேலைக்குப் போன பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். நானும் அவர்களில் ஒருவன். குருநகர்ப் பக்கம் மீனுக்கு ஐஸ் கட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். மோட்டர், பம்ப், வாயுவை அழுத்தித் தள்ளும் கொம்பிறசர் எல்லாம் புத்தகத்துப் படத்தில் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மோட்டருக்குப் பக்கத்தில் நின்று, இது நல்லா ஓடுதா இல்லையா என்று சொல்வது வேறு வேலை. அதை எப்படிப் பழகினேன் என்று, இந்தத் துறைக்கு வர நினைக்கிற தம்பி தங்கைச்சிமாருக்காக எழுதுகிறேன்.

எனக்குப் பழக்கியவரை எல்லாரும் பிற்றர் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றுபோகும் வரை அங்கே வேலை செய்தவர். அவர் முதலில் என் கையில் தந்தது ஸ்பனர் இல்லை, ஒரு சீ.ஆர். கொப்பியும் பழந்துணியும். ஒவ்வொரு மணித்தியாலமும் கொம்பிறசரின் உறிஞ்சும் பக்க அழுத்தம், தள்ளும் பக்க அழுத்தம், ஐஸ் கட்டி உறையும் உப்புத் தண்ணித் தொட்டியின் வெப்பநிலை, மோட்டர் எடுக்கும் அம்பியர், ஒயில் மட்டம் இவ்வளவும் எழுத வேண்டும். இடையில் துணியால் இயந்திரத்தைத் துடைக்க வேண்டும்.

"நல்லா இருக்கேக்க எப்பிடி இருக்கும் எண்டு தெரியாட்டி, பிழைக்கேக்க எப்பிடித் தம்பி கண்டுபிடிப்பீர்?" என்பார்.

துடைக்கும் வேலையின் பெறுமதி எனக்குச் சில கிழமைகளில் விளங்கியது. துணியோடு கை போகும் இடமெல்லாம் கண்ணும் போகிறது. எந்தப் போல்ட் தளர்ந்திருக்கிறது, எந்த மூட்டில் புதிதாக ஒயில் கசிகிறது, எந்த இடம் நேற்றையைவிடச் சூடு என்பதெல்லாம் கையில் படும். அழுக்கு மூடிய இயந்திரத்தில் இவை ஒன்றும் தெரியாது.

கொப்பியின் பெறுமதி தெரிந்தது அழுத்தம் ஏறியபோது. எங்கள் தொழிற்சாலையில் குளிராக்குவதற்குக் குழாய்களில் ஓடுவது அமோனியா. தள்ளும் பக்க அழுத்தம் வழமையாக 180க்கும் 190க்கும் இடையில் நிற்கும், பி.எஸ்.ஐ. கணக்கில். அது நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 210ஐத் தொட்டது. ஒரு நாளில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஏற்றம் தெரிந்தது. மோட்டரின் அம்பியரும் அதோடு சேர்ந்து ஏறியிருந்தது, கட்டி உறையும் நேரமும் நீண்டிருந்தது.

அண்ணை என்னை நேரே கொண்டென்சருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அமோனியா போகும் குழாய்களுக்கு மேலே தண்ணீர் விழுந்து சூட்டைக் கொண்டுபோகும் இடம் அது. குழாய் முழுக்க வெள்ளைப் படிவு. வீட்டுக் கேத்திலின் அடியில் பிடிப்பதும் இதேதான். யாழ்ப்பாணத்து நிலத்தின் கீழ் கிடப்பது சுண்ணாம்புக்கல். அதுக்குள்ளால் வரும் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சூடான குழாயில் பட்டு ஆவியாகும்போது தண்ணி போய்விடும், சுண்ணாம்பு தங்கிவிடும். அந்தப் படிவு வெப்பத்தை வெளியே விடாது. வெப்பம் போகாவிட்டால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் கொம்பிறசருக்குப் பாரம், பாரம் கூடினால் கரண்ட் பில் கூடும். ஒரு காலத்தில் சீமெந்தாகிய அதே கல்லுத்தான் இப்ப நமக்கு வேலை வைக்குது என்றார் அண்ணை.

அமிலம் ஊற்றிக் கழுவலாமே என்று நான் கேட்க, குழாய் துருப்பிடிக்காமல் பூசியிருக்கும் நாகப் பூச்சும் சேர்ந்து போய்விடும் என்று அவர் விடவில்லை. இயந்திரத்தை நிறுத்தி, மரத் துண்டாலும் நைலோன் பிரஷாலும் மெதுவாக உரித்தோம். பிறகு கொண்டென்சர்த் தொட்டித் தண்ணியில் ஒரு பங்கை ஒவ்வொரு நாளும் வெளியே விட்டுப் புதுத் தண்ணி சேர்க்கும் ஒழுங்கைத் தொடங்கினோம். அப்படிச் செய்தால் சுண்ணாம்பு தொட்டிக்குள் செறிந்து சேராது. வெளிநாட்டுக் கையேடுகளில் துப்புரவுக்குப் போட்டிருக்கும் கால இடைவெளி எங்கள் தண்ணிக்குச் சரிவராது. இங்கே எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைக் கொப்பிதான் சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம், சுற்றும் தண்டைத் தாங்கும் பேரிங். நீளமான ஸ்குறூட்றைவர் ஒன்றின் நுனியைப் பேரிங் இருக்கும் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். நல்ல பேரிங் என்றால் ஒரே சீரான மெல்லிய இரைச்சல். கிறீஸ் காய்ந்திருந்தால் கூர்மையான கீச்சுச் சத்தம். உள்ளே குண்டுகள் உருளும் பாதையில் பள்ளம் விழுந்திருந்தால் டக் டக் என்று ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும். ஒரே மாதிரி மோட்டர் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மாறி மாறிக் கேட்க வேண்டும். காது அப்படித்தான் கெதியாகப் பழகும். ஆனால் நுனியை வைக்க முதல் சுற்றும் பாகம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, தொங்கும் சேர்ட் நுனியைக் காற்சட்டைக்குள் விட்டு, நிதானமாக நின்றுகொள்ள வேண்டும்.

கிறீஸ் கூடப் போட்டால் நல்லது என்று எல்லாரும் நினைப்பார்கள். அது பேரிங்கைக் கொல்லும். கூட்டுக்குள் கிறீஸ் நிரம்பி வழிந்தால் உருளும் குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே இருக்கும். பேரிங் சூடேறும், சீல் பிய்யும். முதலில் கிறீஸ் அடிக்கும் வாயான நிப்பிளைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதில் ஒட்டியிருக்கும் மண்ணைத்தான் முதலில் உள்ளே தள்ளுவோம். கீழே வடிகால் மூடி இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொன்ன அளவு மட்டும் அடிக்க வேண்டும். ஒரு வகைக் கிறீஸ் போட்ட இடத்தில் இன்னொரு வகையைக் கலக்கவும் கூடாது. சில வகைகள் சேர்ந்தால் தண்ணியாகிவிடும்.

பேரிங் மாற்றும்போது எண்ணைப் பார்க்கப் பழகினேன். 6308 என்றால் கடைசி இரண்டு இலக்கமான 08ஐ 5 ஆல் பெருக்கினால் 40. உள் துளை 40 மில்லிமீற்றர். 04 இலிருந்து மேலே இந்தக் கணக்குப் பொருந்தும். தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும்தான் விசை போக வேண்டும். வெளி வளையத்தில் சுத்தியலால் அடித்தால் புதுப் பேரிங் அன்றைக்கே காயப்பட்டுவிடும்.

பெல்ட், பம்ப் எல்லாம் இதைவிடச் சுலபம். மூன்று வீ பெல்ட் ஓடும் கப்பியில் ஒன்று அறுந்தால் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஏனென்றால் பழையவை நீண்டிருக்கும், பாரமெல்லாம் புதியதிலேயே விழும். கப்பிகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலே தெரியும். தண்டைச் சுற்றித் தண்ணியை அடைக்கும் கயிற்றுப் பக்கிங் போட்ட பம்பில் தண்டு வரும் இடத்தில் தண்ணி சொட்டுச் சொட்டாக விழத்தான் வேண்டும். அந்தச் சொட்டுத்தான் பக்கிங்கைக் குளிர வைக்கிறது. சொட்டை முழுதாக நிற்பாட்டும் அளவுக்கு இறுக்கினால் பக்கிங் கருகித் தண்டும் தேயும்.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே எழுத வேண்டும். நான் கண்ட சில வேலைத்தளங்களில் "ஒரு நிமிச வேலைதானே" என்று சுவிச்சை மட்டும் நிறுத்திவிட்டுக் கையை உள்ளே விடுவார்கள். அண்ணையிடம் அது நடக்காது. மெயினை நிறுத்தி, பூட்டுப் போட்டு, திறப்பு வேலை செய்பவரின் பொக்கற்றுக்குள் இருக்க வேண்டும். பிறகு ஸ்ராட் பொத்தானை அமத்திப் பார்க்க வேண்டும், ரெஸ்ரரால் கரண்ட் இல்லை என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றலாம்.

அமோனியா இன்னும் கவனம். மூக்கில் ஏறும் மணம் அது நமக்குத் தரும் எச்சரிக்கை. மெல்லிய கசிவு எங்கே என்று தேட, கந்தகத் திரியைக் கொளுத்தி மூட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனால் கசியும் இடத்தில் வெண்புகை கிளம்பும். பலமான மணம் என்றால் தேடக் கூடாது, வெளியேறத்தான் வேண்டும், அதுவும் காற்று வரும் திசையை நோக்கி. முகமூடி இயந்திர அறைக்குள்ளே தொங்கினால் பிரயோசனமில்லை. கதவுக்கு வெளியே தொங்க வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணியில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பித்தளை, செம்புப் பொருத்துகளை இந்தக் குழாய்களில் போடவே கூடாது, அமோனியா அவற்றைத் தின்றுவிடும். அமோனியாக் குழாய்த்தொகுதியிலிருந்து ஒயில் வடிக்கும் வேலையைப் பழகுபவர் தனியாகத் தொடவே கூடாது.

கடற்கரையில் இருக்கும் தொழிற்சாலை என்பதால் இன்னொரு வேலையும் உண்டு. உப்புக் காற்று மோட்டரின் இணைப்புப் பெட்டிக்குள் போய் முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். மாரி தொடங்க முதல் எல்லாப் பெட்டிகளையும் திறந்து துப்புரவாக்கி, மோட்டர்ச் சுருளின் மின்காப்பை அளக்கும் மெகர் கருவியைப் பிடிப்போம். 400 வோல்ட் மோட்டருக்கு 500 வோல்ட்டில் பார்த்து, ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டரை உலர்த்தாமல் ஓட்டுவதில்லை.

வேலை கைக்குள் வந்த பிறகு சான்றிதழுக்குப் போனேன். தேசிய தொழிற் தகைமையில் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், வேலைத்தளத்தில் பழகியதைக் காட்டி மதிப்பீடு பெறலாம். மட்டம் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் விசாரித்து, குளிரூட்டல் துறையில் விண்ணப்பித்தேன். மதிப்பீட்டாளர் செய்து காட்டச் சொன்னதில் பாதி, பூட்டுப் போடுவதும் அளவு எடுப்பதும்தான். என்ன வேலை செய்தீர் என்பதற்கு ஆதாரமும் கேட்டார். கொப்பிகளோடு, வேலை செய்யும்போது எடுத்த படங்களையும் முதலாளியின் கடிதத்தையும் கொடுத்தேன். இவற்றைச் சேர்ந்த நாளிலிருந்தே எடுத்துத் திகதி போட்டு வையுங்கள். வேலை மாறிய பிறகு பழைய இடத்தில் போய்க் கேட்டு எடுப்பது கஷ்டம்.