கையெழுத்துப் போடேக்க

அண்ணை பிரதேச சபைக்கு வெண்டதில எனக்கு ஒரு எரிச்சலும் இல்லை. எலெக்ட்ரீசியனா வேலைக்கு வந்து சங்கத் தலைவராகி ஓவர்டைம் காசு, லீவு எண்டு ஒவ்வொண்டா வாங்கித் தந்த மனுசன், அவருக்குப் போடாம வேற ஆருக்கு வோட்டுப் போடுறது? ஆனா எங்கட வேலைத்தலத்து ஸ்ட்ரைக்கை அவர் முடிச்ச விதம் இன்னும் மண்டைக்க ஓடிக்கொண்டே இருக்கு.

நிரந்தரமான ஆக்களுக்குக் கேட்டது முழுக்கக் கிடைச்சிட்டுது, கசுவல் பொடியளின்ர விசயம் "பிறகு பாப்பம்" எண்டு கடிதத்தில ஒரு வரி. அண்ணை என்னைத் திரும்பிப் பாத்து "என்ன தம்பி, போடட்டே?" எண்டார். "போடுங்கோ அண்ணை" எண்டன், செயலாளர் நான்தானே. வெளியில வர, கேற்றடியில எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்ட வெல்டிங் பொடியன் கேத்திலைக் கீழ வைக்காமலே "அண்ணை, எங்கட பேரும் அதில இருக்கோ?" எண்டு கேட்டான். அண்ணை அவன்ர தோளில தட்டிப்போட்டு நடந்திட்டார்.

இழுத்திருந்தா முதல்ல நிப்பாட்டுறது கசுவல் ஆக்களைத்தான், அதால முடிச்சது சரி எண்டுதான் எல்லாருக்கும் சொல்லுறன். சொல்லி முடியேக்க போலந்துத் தொழிற்சங்கத் தலைவர் லேக் வலேசா ஞாபகம் வருவார். அவரும் எலெக்ட்ரீசியன் எண்டபடியா அண்ணைக்கு அவரெண்டா உயிர். 1980 ஆவணியில போலந்தின்ர கதான்ஸ்க் நகரத்துக் கப்பல் கட்டுற இடத்தில கிரேன் ஓட்டின அன்னா வாலென்டினோவிச்சை வேலையால நிப்பாட்டினதோட துவங்கின ஸ்ட்ரைக், 16ஆம் திகதி சம்பளம் கூட்டித் தாறம் எண்ட உடன வலேசாவும் முடிஞ்சுது எண்டு அறிவிச்சவர்தான். அண்ணை கதை சொல்லேக்க இந்த இடத்தைத் தாண்டிப் போயிடுவார். ஆதரவா ஸ்ட்ரைக்கில இறங்கின மற்ற இடத்து ஆக்கள் எங்களை விட்டிட்டுப் போறியளோ எண்டு ட்ராம் ஓட்டின ஹென்ரிகா கிரிவோனோஸ் சண்டைக்கு நிக்க, நர்ஸ் அலினா பியென்கோவ்ஸ்காவும் அன்னாவும் வீட்ட போக வெளிக்கிட்ட சனத்தைக் கேற்றில மறிக்க, வலேசாவும் மனசு மாறி ஸ்ட்ரைக்கைத் தொடர, அதுக்குப் பிறகுதான் 21 கோரிக்கை, 31ஆம் திகதி ஒப்பந்தம், 1983இல நோபல், 1990இல ஜனாதிபதி எல்லாம். அதே ஆள் 2000இல திரும்ப எலெக்சன் கேக்க நூற்றுக்கு ஒரு வீதமளவுதான் வோட்டு.

பதவி வந்து மாறினவரோ, இல்லாட்டி அண்டைக்கு மறிக்க ஆள் இருந்தபடியாத்தான் திரும்பினவரோ? ரெண்டாவதுதான் எண்டு எனக்குப் படுது. அப்ப எங்கட கேற்றில மறிக்க வேண்டியது ஆர், நானோ? தலைவர் ஒண்டு, செயலாளர் ஒண்டு எண்டு கதைச்சிருந்தா நிர்வாகம் எங்களைப் பிச்சு எறிஞ்சிருக்கும், அதையும் யோசிக்க வேணும்.

ஏழு பேர் இருந்தா தனிச்சங்கம் பதியலாம் எண்டு சட்டத்தில இருக்கு. போன கிழமை பொடியள் படிவத்தோட வந்தவங்கள், நிரப்பிக் குடுத்தனான். இருக்கிற சங்கத்தை ரெண்டாக்கிற வேலை எண்டு அண்ணை கோவிப்பார், அதிலயும் நியாயம் இருக்கு, இன்னும் அவருக்குச் சொல்லேல்ல.