குப்பியின் பின்பக்கத்தைப் படித்த பிறகு

சைனஸ் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். தொற்று போனது, வயிறு கெட்டது. வயிற்றுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாட்டிக் வாங்கப் போய், இருந்ததிலேயே பெரிய எண் போட்ட குப்பியை எடுத்து வந்தேன்: 5,000 கோடி உயிரணுக்கள். இரண்டு வாரம் விழுங்கியும் வயிறு கலங்கியபடியேதான் இருந்தது.

பிறகுதான் குப்பியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் 'உற்பத்தியின்போது' என்று இருந்தது. காலாவதி நாள்வரை எத்தனை உயிரோடு இருக்கும் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. உறையவைத்து உலர்த்திய நுண்ணுயிர்களுக்குச் சூடும் ஈரமும் எமன். நானோ குப்பியைக் குளியலறை அலமாரியில் வைத்திருந்தேன். உள்ளே கேப்சூல்கள் ஈரம் கோத்து, இரண்டிரண்டாக ஒட்டிக் கிடந்தன.

நுண்ணுயிரின் பெயரும் அரைகுறை: வெறும் 'லாக்டோபேசில்லஸ்'. பயன் ரகத்துக்கு ரகம் மாறுகிறது, ஆய்வுகளும் ரகத்தை வைத்தே நடக்கின்றன. 'லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி' என்றால் கடைசியில் வரும் ஜிஜிதான் ரகம். 2020இல் இதன் பெயரின் முதல் சொல்லை 'லாக்டிகேசிபேசில்லஸ்' என்று மாற்றிவிட்டதால் லேபிள்களில் இரண்டு பெயரும் புழங்குகின்றன. வெவ்வேறு கிருமிகள் என்று எண்ணி ஒரு மாலை முழுவதும் குழம்பினேன்.

சில மாதங்களில் மறுபடியும் ஆன்டிபயாட்டிக். இம்முறை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டேன். சாக்கரோமைசஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட்டைச் சொன்னார். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், ஈஸ்ட்டைத் தொடாது என்று அவர் விளக்கியபோது, இது ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை என்றிருந்தது. ஆனால் எழுதிக் கொடுக்கும் முன், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா என்று இரண்டு முறை கேட்டார். உடல் மிகவும் நலிந்தவர்களுக்கு இந்த ஈஸ்ட் ரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாமாம். தாமாக வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேப்சூலா பவுடரா என்று தயங்கி, தனித்தனிப் பொட்டலமாக வரும் பவுடரை எடுத்தேன். ஒன்றைப் பிரித்தால் மற்றதில் ஈரம் ஏறாது. வெந்நீரில் கலக்கக் கூடாது என்பதால் ஆறிய நீர்தான்.

இரண்டாம் நாள் வயிறு சற்று இளகியது, அதோடு சரி. ஈஸ்ட்டால்தானா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆன்டிபயாட்டிக் முடிந்து ஒரு வாரம் தொடர்ந்துவிட்டு நிறுத்தினேன். மீதிப் பொட்டலங்கள் காலாவதித் தேதி வெளியே தெரியும்படி படுக்கையறை அலமாரியில் இருக்கின்றன.