லைசென்ஸ் கைக்கு வரும்வரை

மார்ச் 14ஆம் தேதியோடு என் லைசென்ஸ் முடிந்தது. 15ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு வழக்கம்போல வண்டியை எடுத்தேன். புது லைசென்ஸ் இன்னும் வரவில்லை. ஆனாலும் நான் ஓட்டியது சட்டப்படி சரிதான். அதை என் வேலையிடத்துக்குப் புரியவைக்க நான்கு நாள் ஆனது, அந்த நான்கு நாள் சம்பளமும் போனது.

எனக்கு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வேலை. முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, காலை உணவு தயாரித்து வைக்க வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டு வீடு, எல்லாம் கிராமங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே வராத இடங்களும் உண்டு. வண்டி இல்லையென்றால் இந்த வேலை இல்லை.

திண்டுக்கல்லில் எடுத்த லைசென்ஸை வைத்து இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம். அப்புறம் முதலிலிருந்து எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு என்று எல்லாம் முடித்து இந்த ஊர் லைசென்ஸ் வாங்கினேன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு என் சர்க்கரை நோய் மாத்திரைக்கு அடங்கவில்லை, இன்சுலின் ஆரம்பித்தார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அதை டிவிஎல்ஏவிடம், அதாவது ஸ்வான்சீயில் இருக்கும் லைசென்ஸ் அலுவலகத்திடம், சொல்லியே ஆக வேண்டும். சொன்னதும் எனக்கு மூன்று வருட லைசென்ஸ் கொடுத்தார்கள். அதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை மருத்துவக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் புதுப்பிக்கிறேன். இந்தப் புதுப்பித்தலுக்குக் கட்டணம் கிடையாது.

இந்த முறையும் தேதி முடிய ஆறு வாரம் முன்பே படிவத்தைத் தபாலில் அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியும் கையில் இருந்தது. டிவிஎல்ஏ நம் மருத்துவரிடமும் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்துக் கேட்கும். அந்தத் தாள் நான் போகும் கிளினிக்கில் ஒரு மேசையில் அப்படியே கிடந்திருக்கிறது. அது எனக்குத் தெரிந்ததே ஏப்ரலில்தான்.

இப்படிக் காத்திருப்பவர்களுக்காகவே 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 88ஆம் பிரிவு இருக்கிறது. பழைய லைசென்ஸின் தேதி முடிந்துபோனாலும், சரியாக நிரப்பிய விண்ணப்பம் டிவிஎல்ஏவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் முடிவு வரும்வரை நாம் ஓட்டலாம். சேர்ந்த நாளிலிருந்து 12 மாதம்வரை இது செல்லும். பழைய லைசென்ஸில் என்னென்ன வண்டி ஓட்டலாம் என்று இருந்ததோ அதை மட்டும்தான் ஓட்டலாம், அதிலிருந்த நிபந்தனைகளும் அப்படியே தொடரும். நீதிமன்றம் ஓட்டத் தடை போட்டிருக்கக் கூடாது. முந்தைய லைசென்ஸை உடல்நலக் காரணத்துக்காக டிவிஎல்ஏ ரத்து செய்திருந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது, புது லைசென்ஸ் கைக்கு வந்த பிறகே ஓட்டலாம். இதெல்லாவற்றுக்கும் மேலாக, நாம் ஓட்டத் தகுதியாக இருக்கிறோம் என்று மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் தவறுகிறார்கள். "டாக்டர் ஒண்ணும் சொல்லலையே, அப்போ ஓட்டலாம்தானே" என்பார்கள். டாக்டரிடம் நேராகக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிப்ரவரியிலேயே கேட்டேன்: "நான் இப்போது கார் ஓட்டலாமா, கூடாதா?" அவர் என் மீட்டர் அளவுகளைப் பார்த்தார். சர்க்கரை இறங்கும்போது உடம்பு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறதா என்று கேட்டார். ஓட்டலாம் என்றார். அதை எழுதிக் கொடுங்கள் என்றதும் எழுதியும் கொடுத்தார்.

மார்ச் 15 மதியம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கணினியில் என் லைசென்ஸ் காலாவதி என்று காட்டுகிறதாம், சரியாகும்வரை ஷிப்ட் கிடையாதாம். 88ஆம் பிரிவு என்றேன். மேலாளர் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். டிவிஎல்ஏவிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். ஆனால் உனக்கு இந்தப் பிரிவு பொருந்தும் என்று யாரும் நமக்கு எழுதித் தரமாட்டார்கள். நிபந்தனைகளைப் படித்து நமக்குப் பொருந்துகிறதா என்று நாமே தீர்மானிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு நம் தலையில்.

அன்று இரவு உட்கார்ந்து நான்கு தாள்களைச் சேர்த்தேன்: இந்தப் பிரிவு பற்றி அரசு வெளியிட்டிருக்கும் விளக்கம், விண்ணப்பம் போய்ச் சேர்ந்த அத்தாட்சி, மருத்துவர் எழுதிக் கொடுத்தது, காப்பீட்டு நிறுவனத்தின் மின்னஞ்சல். காப்பீட்டுக்காரர்களிடம் முன்பே விவரம் சொல்லி, பாலிசி தொடரும் என்று எழுத்தில் வாங்கியிருந்தேன். நான்கையும் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் யார் யாரிடமோ கேட்டு, 19ஆம் தேதி மறுபடி ஷிப்ட் போட்டார்கள். போன சம்பளத்தைக் கேட்டுப் பார்த்தேன், தரவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சட்டம் அனுமதித்துவிட்டது என்பதால் எந்த நிலையிலும் ஓட்டலாம் என்றில்லை. ஊரில் 90 என்று சொல்லும் சர்க்கரை அளவு இங்கே 5. 18ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் முதல் பயணத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறையும், ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். 4க்குக் கீழே போனால் வண்டியைத் தொடவே கூடாது. சர்க்கரை இறங்கிவிட்டால், அளவு சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். மார்ச் கடைசியில் ஒரு நாள் காலை 3.8 காட்டியது. குளுக்கோஸ் மாத்திரையும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, முதல் வீட்டுப் பாட்டிக்குப் போன் செய்து தாமதமாகும் என்றேன். "பத்திரமா வாம்மா" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அந்த ஒரு மணி நேரமும் வீட்டு வாசலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஈஸ்டரையொட்டிக் காரிலேயே பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷாப்பெல் போய்ச் சாமான் வாங்கி வரலாம் என்றிருந்தோம். 88ஆம் பிரிவு பிரிட்டன் சட்டம். கடல் தாண்டினால் அதை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிப் போக முடியாது. ரயிலில் போனோம், மூட்டையைக் குறைத்துக்கொண்டோம்.

ஏப்ரலில் கிளினிக்குக்குப் போன் செய்தபோதுதான் அந்தக் கேள்வித்தாள் விஷயம் தெரிந்தது. 2022 ஜூலையிலிருந்து டாக்டர்தான் நிரப்ப வேண்டும் என்றில்லை, நர்ஸ் போன்றவர்களும் நிரப்பலாம். என் சர்க்கரை நர்ஸ் அன்றே எழுதி அனுப்பினார். மே முதல் வாரம் லைசென்ஸ் வந்தது, மறுபடி மூன்று வருடத்துக்கு.

ஈஸ்ட் ஹாம் முருகன் கோயிலில் எங்களுக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தானும் இரண்டு வருடமாக இன்சுலின் போடுவதாகவும் யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். "சொன்னால் லைசென்ஸைப் பறிச்சுப் போடுவாங்கள், தங்கச்சி." எனக்குப் பகீரென்றது. மறைத்தால் 1000 பவுண்ட் வரை அபராதம். விபத்து நடந்தால் வழக்கும் வரலாம், காப்பீடும் கைவிடலாம். பின்சீட்டில் பேரப்பிள்ளைகள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் லைசென்ஸ் கிடைக்கும், எனக்குக் கிடைத்ததே என்றேன். மருத்துவர் இப்போது வேண்டாம் என்றாலும், டிவிஎல்ஏ ரத்து செய்யும்வரை காத்திருக்காமல் நாமே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. பிறகு உடம்பு தேறி விண்ணப்பிக்கும்போது, மருத்துவர் சரி என்றால் 88ஆம் பிரிவில் ஓட்ட அது வழி வைக்கும்.

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு மாலை, படிவத்தையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அக்காவோடு வீட்டுக்கு வந்தார். நான் தேநீர் போட்டேன். இன்சுலின் எப்போது தொடங்கியது என்ற கேள்வி வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அக்காதான் உண்மையான தேதியைச் சொல்லி எழுத வைத்தார்.