ஃபார்ம் எக்கவுண்ட்: ஹட்டன் ஒஃபிஸ் நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒஃபிஸ் ஃபைல்களை வைத்துப் பகிரும் ஷெயார்பொயின்ட் 2019 சேர்வரின் நிர்வாகப் பக்கமான சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேஷனைத் திறந்தால் தலைமாட்டில் அதே சிவப்புப் பட்டை. கோளாறு தேடும் ஹெல்த் அனலைசர் இரண்டு விஷயம் சொல்கிறது. ஃபார்ம் எக்கவுண்டை, அதாவது ஷெயார்பொயின்டின் தலைமை எக்கவுண்டை, வேறு சேவைகளுக்கும் பாவிக்கிறீர்கள். வெப் தளம் ஓடும் அப்ளிகேஷன் பூல் எக்கவுண்ட், சேர்வரில் முழு அதிகாரமுள்ள அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் இருக்கிறது.

ஜூலையில் ஷெயார்பொயின்டின் சி.வி.ஈ-2025-53770 என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, மைக்ரோசொஃப்ட் 20ஆம் திகதி விட்ட அவசரப் பெட்சை (திருத்தத்தை) போட்டு, சேர்வரின் இரகசியச் சாவியான மெஷின் கீயையும் மாற்றியாச்சு. அதோடு வேலை முடியவில்லை. இப்படி ஓட்டை வழியாக நுழைகிறவன் அப்ளிகேஷன் பூலின் எக்கவுண்டில்தான் ஓடுவான். எங்களிடம் ஃபார்ம் எக்கவுண்ட்தான் அந்த எக்கவுண்டும், அதுவே முழு அட்மின். ஸ்டோர், மஸ்டர், இரும்புப்பெட்டி எல்லாச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து, ஃபெக்டரி வாசலில் தொங்கவிட்ட மாதிரி.

ஆகஸ்ட் 13, புதன்

அந்தக் குழுவில் யார் யார் என்று பார்க்க, கறுப்புத் திரையில் 'நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' அடித்தேன். பட்டியலில் ஃபார்ம் எக்கவுண்ட் பளிச்சென்று நிற்கிறது.

சேர்வரை அமைத்துக் கொடுத்தவர்கள் ஏன் அங்கே சேர்த்தார்கள் என்று ஊகிக்கலாம். ஷெயார்பொயின்டின் 2013 பதிப்பில், ஆட்களின் விவரங்களை ஒத்திசைக்கும் யூசர் புரொஃபைல் சிங்க் சேவையைத் தொடக்கும்போது ஃபார்ம் எக்கவுண்டுக்கு அட்மின் உரிமை தேவைப்பட்டது. தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். 2016இலிருந்து அந்தச் சேவையே இல்லை, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. பெட்ச் போடவும் கொன்பிகரேஷன் விசார்ட் ஓட்டவும் அட்மின் வேண்டும்தான், அதற்குத் தனி செட்டப் எக்கவுண்ட் இருக்கிறது.

பெரிய கிளார்க் ஐயா எட்டிப்பார்த்தார். "தம்பி, சம்பளச் செக்ரோல் ஃபைல் எல்லாம் திறக்குந்தானே?" சம்பளம் போட்டு முடிந்த வாரம் ஐயா, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்றேன். தலையாட்டினார், நம்பின மாதிரி தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

எக்கவுண்டுகளை வைத்திருக்கும் டொமைனில் புது எக்கவுண்டுகள் கேட்டு எழுதினேன்: வெப் அப்ளிகேஷனுக்கு ஒன்று, சேவைகளுக்கு ஒன்று. மத்தியானம் கரண்ட் போய் யூ.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஒஃபிஸில் ஆள் இல்லை, தகரத்தில் மழை மட்டும். முதலில் பெக்கப். பிறகு இரண்டு எக்கவுண்டையும், ஷெயார்பொயின்டே பார்த்துக்கொள்ளும் மெனேஜ்ட் எக்கவுண்டாகப் பதிந்து, 'கொன்பிகர் சேர்விஸ் எக்கவுண்ட்ஸ்' பக்கத்தில் ஒவ்வொன்றாக மாற்றினேன். விண்டோஸின் சேர்விசஸ் திரையில் போய் மாற்றக் கூடாது. ஷெயார்பொயின்டுக்கு அது தெரியாது, அடுத்த பாஸ்வேர்ட் மாற்றத்தில் குழம்பும்.

'கொன்பிகர் சேர்விஸ் எக்கவுண்ட்ஸ்' பக்கத்துக்கு மசியாதது, அடிக்கடி தேவைப்படும் தரவை நினைவகத்தில் வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டட் கேஷ். நிறுவும்போதே அது ஃபார்ம் எக்கவுண்டில்தான் உட்காரும், மாற்ற, கட்டளை அடிக்கும் பவர்ஷெல்தான் வழி. கேஷின் அடியில் ஓடும் ஆப்ஃபெப்ரிக் சேவையைப் பிடித்து, அடையாளத்தை மாற்றி, 'அப்டேட்', பிறகு 'டிப்ளோய்'. இந்தக் கடைசிச் சொல்லை விட்டால் மாற்றம் ஏட்டோடு நின்றுவிடும். நேரத்துக்கு நேரம் வேலைகளை ஓட்டும் டைமர் சேவையும் சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேஷனும் ஃபார்ம் எக்கவுண்டிலேயே இருக்கட்டும், அவற்றுக்குரியதே அதுதான்.

கடைசியாக அட்மின் குழுவிலிருந்து ஃபார்ம் எக்கவுண்டை நீக்கி சேர்வரை ரீஸ்டார்ட் பண்ணினேன். ரீஸ்டார்ட் பண்ணாவிட்டால், குழுவில் பெயர் போனாலும், ஓடிக்கொண்டிருக்கும் சேவை பழைய டோக்கனை (உரிமைச் சீட்டை) வைத்துக்கொண்டே ஓடும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தோட்டங்களிலிருந்து வரும் தேயிலைக் கொழுந்து நிறை ஃபைல்கள் லைப்ரரியில் ஏறவில்லை. ஏற்றும் டாஸ்க், வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் விண்டோஸ் டாஸ்க் ஷெடியூலரில் ஃபார்ம் எக்கவுண்டின் பெயரிலேயே கிடந்தது. ஹெல்த் அனலைசர் இதையெல்லாம் பார்க்காது. 'பேட்ச் ஜொப்' ஆக, அதாவது ஆளில்லாமல் ஓடும் வேலையாக, லொகின் பண்ணும் உரிமை அட்மின் குழுவுக்கு இயல்பாகவே உண்டு, குழுவைவிட்டு வந்ததும் அதுவும் போய்விட்டது. சி டிரைவில் அது எழுதும் ஃபோல்டரும் அட்மினுக்கு மட்டுமே திறந்திருந்தது.

பழைய எக்கவுண்டைத் திருப்பி அட்மினாக்கினால் அஞ்சு நிமிஷ வேலை. தோட்டத் துரை (மெனேஜர்) போனில் நின்றபோது அந்த ஆசை வரத்தான் செய்தது. டாஸ்குக்கென்றே இன்னொரு எக்கவுண்ட் வாங்கி, அந்த ஒரு உரிமையையும் அந்த ஒரு ஃபோல்டரையும் மட்டும் கொடுத்தேன். பின்னேரத்துக்குள் எல்லா நிறையும் ஏறியது.

ஆகஸ்ட் 21, வியாழன்

'ரீ-அனலைஸ் நவ்' அழுத்தினேன். இரண்டு எச்சரிக்கையும் போயாச்சு. டிரைவில் இடம் குறைகிறது என்ற மஞ்சள் ஒன்று மிச்சம், பழைய லொக் (பதிவு) ஃபைல்களை அழித்தால் சரி. 2019 பதிப்புக்கு மைக்ரோசொஃப்டின் ஆதரவு 2026 ஜூலை 14 வரைதான். கொழும்புத் தலைமை ஒஃபிஸுக்கு பட்ஜெட் கடிதம் இந்த வாரமே போக வேண்டும்.