சி-41 நாட்குறிப்பு: நுரையும் குமிழித் தடமும்

ஜூலை 4

சி-41 என்ற கலர் நெகட்டிவ் கழுவும் முறையில் வந்த 35 எம்எம் ரோல். மேல் ஓரத் துளைகளை ஒட்டி அலை அலையாக ஒரு வெளிறிய பட்டை; வானம் வரும் இடத்தில் அங்கங்கே வட்டப் புள்ளிகள். இப்படி ஒரு ரோல் வந்தால் உடனே டெவலப்பரை (படத்தை வெளிக்கொணரும் முதல் மருந்து) கொட்டத் தேவையில்லை. லைட் பாக்ஸில் வைத்து லூப் என்ற பூதக்கண்ணாடியால் பார்த்தாலே போதும், எந்த மருந்துக் குளியலில் காற்று மாட்டியது என்பது தெரிந்துவிடும்.

சுற்றியுள்ள இடத்தைவிடப் புள்ளி வெளிறியிருந்தால் டெவலப்பரில் வந்த குமிழி. அங்கே மருந்து படவில்லை, சாயமும் உருவாகவில்லை. ஸ்கேனில் அது கரும்புள்ளி. புள்ளி கருத்திருந்தால் பிளிக்ஸில் (வெள்ளியை நீக்கும் அடுத்த மருந்து) வந்தது: வெள்ளி போகாமல் தங்கிவிட்டது, ஸ்கேனில் வெளிர்ப்புள்ளி. ஊடுருவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாமல், பிலிமைச் சாய்த்து மேற்பரப்பில் வெளிச்சம் விழும்போது மட்டும் வளையம் தெரிந்தால் அது கடைசிக் குளியலான ஸ்டெபிலைசர் காய்ந்த தடம். பின்னிரண்டையும் சரிசெய்யலாம். முதலாவதற்கு வைத்தியம் இல்லை.

கேமராவுக்குள் பிலிம் மேல் இருந்த தூசியும் வெளிறிய புள்ளிதான் தரும். ஆனால் தூசி கோணல்மாணலாக இருக்கும். குமிழி வட்டம், விளிம்பு கூர்மை.

ஜூலை 5

ஓரப் பட்டைக்கு முதல் சந்தேகம் அளவு. பிலிம் கழுவும் பேட்டர்சன் டேங்கின் அடியில் 35 எம்எம் ஒரு ரீலுக்கு (பிலிமைச் சுற்றி ஏற்றும் சக்கரம்) 290 மில்லி, அகலமான 120 ரோலுக்கு 500 மில்லி என்று போட்டிருக்கும். 290 என்பது ரீல் மட்டுமட்டாக மூழ்கும் அளவு. மேலே நுரை கட்டினால், கவிழ்ப்புகளுக்கு (டேங்கைத் தலைகீழாக்கி நிமிர்த்துவது) இடையில் பிலிமின் மேல் ஓரம் நிற்பது மருந்தில் அல்ல, நுரையில். 350 மில்லி ஊற்றினால் அந்தத் தொல்லை குறையும். அதற்காக விளிம்பு வரை நிரப்பக் கூடாது. கவிழ்க்கும்போது மருந்து புரள மேலே காலியிடம் வேண்டும்.

இரண்டு ரீல் டேங்கில் ஒரே ரீலைப் போடுகிறவர்கள் நடுக்குழாயில் மாட்டும் பிளாஸ்டிக் வளையத்தை விட்டுவிடுவது வழக்கம். அது இல்லாவிட்டால் கவிழ்க்கும்போது ரீல் மேலே நழுவி, அங்கேயே நின்றுவிடும். மருந்து எவ்வளவு ஊற்றியும் பயனில்லை.

ஒவ்வொரு துளையிலிருந்தும் கீற்றுக் கீற்றாகப் படத்துக்குள் நீளும் அடர்த்தியான கோடுகள் வேறு சங்கதி. அது முரட்டுத்தனமாகக் குலுக்கியதால் துளை வழியே மருந்து பீய்ச்சிய தடம்; நுரைமேல் பழி போட வேண்டாம்.

ஜூலை 9

டெவலப்பர் தானாக இவ்வளவு நுரைக்காது. நுரைப்பது ரீலில் ஒட்டியிருக்கும் சோப்புத்தன்மை. ஸ்டெபிலைசரிலும் ஃபைனல் ரின்ஸிலும் சோப்பு போன்ற ஈரமூட்டி மருந்து இருக்கிறது. பிலிம் ரீலில் இருக்கும்போதே அதை டேங்கில் ஊற்றினால் ரீலின் பள்ளங்களில் அது படிந்து காயும். அடுத்த ரோலின் டெவலப்பரில் கரைந்து நுரையாக எழும். பிலிமை ஏற்றும்போது ரீல் பிடித்துக்கொண்டு நகர மறுப்பதற்கும் இதே படிவு ஒரு காரணம்.

சோதிப்பது சுலபம். பிலிம் இல்லாமல் ரீலை டேங்கில் போட்டு, வெறும் வெந்நீர் ஊற்றி பத்துப் பதினைந்து முறை கவிழ்க்க வேண்டும். மூடியைத் திறந்ததும் மேலே நுரை நின்றால் குற்றவாளி ரீல்தான். பழைய பல் பிரஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்து, 50 டிகிரி வெந்நீரை மாற்றி மாற்றி அலச வேண்டும், நுரை அடங்கும் வரை. பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம். இருக்கிற வினை போதும். நடுக்குழாய், புனல் மூடி, அளவுக்குவளை எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்.

இனி ஸ்டெபிலைசர் தனி டப்பாவில். பிலிமை ரீலிலிருந்து கழற்றிய பிறகே அதில் முக்குவது.

ஜூலை 10

வட்டப் புள்ளிகளுக்கு வருவோம். குளிர்ந்த தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருந்த காற்று வெளியேறும். பக்கெட் சுவரில் பொடிப் பொடியாக ஒட்டுமே, அது பிலிமிலும் ஒட்டும். குழாயிலிருந்து வேகமாகப் பிடித்த நீரில் இன்னும் அதிகம். எனவே முன்நனைப்புக்கான (டெவலப்பருக்கு முன் பிலிமை நனைப்பது) தண்ணீரை முன்கூட்டியே பிடித்து, 39 டிகிரிக்குச் சூடாக்கி, கலங்காமல் சற்று நேரம் வைத்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் முன்நனைப்பு. டேங்கும் சூடேறிவிடும் என்பது உபரி லாபம்.

டெவலப்பர் 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 விநாடி. (கிட்டின் தாளில் வேறு நேரம் இருந்தால் அதுவே கணக்கு.) டேங்கைக் கொஞ்சம் சாய்த்து, தயங்காமல் ஒரே ஊற்றாக ஊற்றி, மூடி, அடியை மேசையில் இரண்டு மூன்று முறை பலமாகத் தட்ட வேண்டும். முதல் 10 விநாடி தொடர்ந்து கவிழ்ப்பு. பிறகு 30 விநாடிக்கு ஒருமுறை 4 கவிழ்ப்பு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு தட்டு. நேரம் இவ்வளவு குறைவாக இருப்பதால், கறுப்பு வெள்ளையில் மன்னிக்கப்படும் குமிழி இங்கே தடமாக நின்றுவிடுகிறது.

ஜூலை 16

பிளிக்ஸில் வருவது நுரையோடு வாயுவும். டெவலப்பரில் கார்பனேட் உண்டு, காரம். பிளிக்ஸ் அமிலப் பக்கம். பிலிமில் ஒட்டி வரும் டெவலப்பர் அதோடு சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, மூடியைத் தூக்கி, பழுப்பு மருந்தைச் சட்டையில் தெளிக்கும். அந்தக் கறை லேசில் போகாது.

நடுவில் ஒரு நிறுத்தக் குளியல் வைத்தால் அடங்கும். நிறமில்லாத 4% வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்தால் 2% அசிட்டிக் அமிலம். 30 விநாடி, பிறகு வெந்நீரில் இரண்டு அலசல். அதற்கு மேலும் பிளிக்ஸின் முதல் நிமிடத்தில் கவிழ்க்காமல் குச்சியால் ரீலைச் சுழற்றுவது நல்லது. பிறகு கவிழ்த்தாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் மூடியின் ஒரு ஓரத்தை முகத்துக்கு எதிர்ப்புறமாகத் தூக்கி வாயுவை விட வேண்டும்.

ஜூலை 17

கருத்த புள்ளி உள்ள துண்டு: 38 டிகிரி தண்ணீரில் ஊறவைத்து, ஓய்ந்துபோகாத பிளிக்ஸில் முழு நேரம் மறுபடி. இந்தக் கட்டத்தில் விளக்கு எரியலாம், புள்ளி கரைவதையே பார்க்கலாம். பிறகு வழக்கமான அலசல், ஸ்டெபிலைசர். வெளிறிய புள்ளிகள் அப்படியேதான் நிற்கும். அவற்றுக்கு ஸ்கேனுக்குப் பின் ரீடச்சிங்தான்.

ஜூலை 23

கடைசிக் குளியலின் வளையங்கள் பெரும்பாலும் நாமே உண்டாக்குவது. ஸ்டெபிலைசர் பாட்டிலைக் குலுக்கிவிட்டு உடனே பிலிமை முக்கினால் நுரையும் கூடவே ஏறும். மெதுவாக ஊற்றி, நுரையை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்துவிட்டு முக்க வேண்டும். போர் தண்ணீரில் கலந்தால் உப்புத் தடமும் சேர்ந்துகொள்ளும். டிஸ்டில்டு வாட்டரில் கலப்பதே சரி. பிலிமைச் சாய்வாக மாட்டினால் துளிகள் ஒரு ஓரமாக வழிந்துவிடும். வளையம் விழுந்துவிட்டால் புதிதாகக் கலந்ததில் ஒரு நிமிடம் ஊறவைத்து மறுபடி காயவிட வேண்டும். பளபளப்பான பக்கத்தை மட்டும் மென்துணியால் துடைக்கலாம். படம் பதிந்த எமல்ஷன் பக்கம் ஈரமாக இருக்கும்போது விரல்கூடப் படக் கூடாது.