லேபிளில் மட்டும் ஒரு பெயர்

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் நமக்கிருந்த தாவரவியலாளர், சேசு சபைக் குரு ஃபாதர் கே.எம். மேத்யூ 2004ல் காலமானார். இருபது ஆண்டு தாண்டிவிட்டது. லூர்து மாதா கோயில் மணியைக் கேட்டு வகுப்புக்கு ஓடிய நமக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பாட்டனி படிக்காத நண்பர்கள் பலர், செடிகளை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியத்துக்குள் நுழைந்தே பார்த்ததில்லை. நாப்தலின் வாசத்துக்கு நடுவே அங்கே நடந்த வேலை என்ன என்று தெரியாமலேயே கல்லூரியை விட்டு வந்தவர்கள் அவர்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1967ல் நம் கல்லூரியில் ஹெர்பேரியத்தைத் தொடங்கியபோது ஃபாதர் அதற்கு வைத்த பெயர் ரபினாட். தமக்கு முன் இதே கல்லூரியில் செடி சேகரித்த பிரெஞ்சு சேசு சபைக் குருவின் பெயர் அது. பிறகு கொடைக்கானல் செண்பகனூரில் இயற்கை வரலாற்று நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு ஆங்லேட் என்று பெயர் வைத்தார். பழனி மலைச் செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்து வைத்துவிட்டுப் போன இன்னொரு குருவானவர் அவர். இரண்டையும் உருவாக்கியவரின் பெயர் இரண்டு வாசல்களிலும் கிடையாது. எழுதிய நூல்களை விட்டால், அவர் பெயரை, காய்ந்த செடியை ஒட்டிய தாளான ஷீட்டின் வலது கீழ்மூலை லேபிளில்தான் பார்க்கலாம். சேகரித்தவர் என்ற இடத்தில், ஒரு எண்ணோடு.

அந்த எண்ணிலிருந்துதான் எல்லாமே தொடங்கும். செடியைப் பறித்த இடத்திலேயே நூல் கட்டிய சிறு சீட்டில் எண் எழுதிச் செடியில் கட்டிவிட வேண்டும். அதே எண்ணில் நோட்டுப் புத்தகத்தில் ஊர், உயரம், தேதி, மண், செடியா கொடியா மரமா, உள்ளூர்ப் பெயர், பூவின் நிறம் எல்லாம் ஏற வேண்டும். அறைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் தொலைந்தது. சங்குப்பூவின் நீலம் காய்ந்த பிறகு நம்பும்படி இருக்காது. செங்காந்தள் இன்னும் சிக்கல். மலரும்போது மஞ்சளும் பச்சையுமாக இருந்து, பிறகு சிவப்பாக மாறும். எந்த நிலையில் பறித்தது என்று எழுதாவிட்டால் ஒரே செடியை இரண்டு வேறு செடிகள் என்று நினைக்கத் தோன்றும்.

ஷீட்டின் அளவு 42க்கு 28 சென்டிமீட்டர். செடி அதற்குள் அடங்க வேண்டும். உயரமான புல்லை வெட்டக் கூடாது, வேரோடு இரண்டாகவோ மூன்றாகவோ மடிக்க வேண்டும். பூவோ காயோ இல்லாத கிளையை எடுத்து வந்தால் எத்தனை அழகாக அழுத்தினாலும் பயனில்லை. இலைகளில் ஒன்றையாவது திருப்பி வைக்க வேண்டும், ஏனென்றால் அடிப்பக்கத்து ரோமமும் நரம்பும்தான் பல சமயம் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். உதிர்ந்த விதையைத் தூக்கி எறியாமல் காகித உறையில் போட்டு அதே ஷீட்டில் ஒட்ட வேண்டும்.

தாள்களுக்கு நடுவே செடியை வைத்து அழுத்தும் சட்டமான பிரஸ்ஸில் வைத்து இறுக்கிக் கட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கெடுவது அங்கேதான். முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் செடி தண்ணீரை விட்டுவிடும். அப்போது தாளை மாற்றாவிட்டால் இலை கறுக்கும், மறுநாள் பூசணம் பிடிக்கும். முதல் மாற்றத்தின்போது இலை இன்னும் துவண்டிருக்கும். மடங்கியதை விரித்துச் சரிசெய்ய அதுதான் கடைசி வாய்ப்பு. பிறகு தொட்டால் ஒடியும். வெயில் காலத்தில் நாலைந்து முறை தாள் மாற்றினால் போதும். ஐப்பசி கார்த்திகையில் தினமும் மாற்ற வேண்டும், அதுவும் அடுப்படிச் சூட்டில் காயவைத்த தாளாக இருக்க வேண்டும்.

பிரண்டையை அப்படியே பிரஸ்ஸில் வைத்தால் அது சாகாது. தண்டில் இருக்கும் நீரைக் கொண்டே வாரக்கணக்கில் உயிரோடு கிடந்து, கடைசியில் கணுக் கணுவாகக் கழன்றுவிடும். கொதிநீரில் ஒருமுறை முக்கி எடுத்து, ஈரம் ஒற்றி, பிறகுதான் அழுத்த வேண்டும். நன்றாகக் காய்ந்த செடிக்கும் ஆபத்து தீராது. வண்டு முதலில் பூவைத்தான் தின்னும். அதற்காகப் பாதரச குளோரைடு கரைசலில் நனைத்து எடுப்பார்கள். கொடிய விஷம், கையால் தொடக் கூடாது. அதன் பிறகு பசை போட்டு ஒட்டி, தடித்த தண்டை மட்டும் ஊசி நூலால் ஷீட்டோடு தைப்பார்கள்.

ஒரு ஷீட்டுக்கு இவ்வளவு பாடு. இப்படி ஆயிரக்கணக்கில் சேர்த்த பிறகுதான் ஃபாதர் நூல் எழுத உட்கார்ந்தார். காம்பிள் என்ற தாவரவியலாளர் தொடங்கி ஃபிஷர் முடித்த மதராஸ் மாகாணத் தாவர நூல் 1936ல் நிறைவு பெற்றது. அதன்பின் காவிரிச் சமவெளியையும் பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன் போன்ற குன்றுகளையும் புதிதாக நடந்து பார்த்து எழுதியவர் அவர்தான். அந்தப் பகுதியின் செடிகளைப் பற்றி 1980களில் வெளிவந்த தமிழ்நாடு கர்நாடிக் தாவர நூல் தொகுதிகளில் கோட்டுப் படங்களுக்கென்றே தனித் தொகுதி உண்டு. சொல்லைப் படித்துப் புரியாதவன் படத்தைப் பார்த்தாவது செடியைக் கண்டுகொள்ளலாம். அவர் செய்ததில் இந்தப் படங்களைத்தான் நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

கொடைக்கானலுக்கு வெளியிலிருந்து வந்து குடியேறிய செடிகளைப் பற்றி 1969ல் எழுதினார். பழனி மலையின் முழுத் தாவர நூல் 1999ல் வந்தது. இடையில் முப்பது வருடம். அதற்குள் மலையில் வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்களை நட்டு, புல்வெளியில் பெரும்பகுதியை மூடிவிட்டார்கள். அந்தப் புல்வெளி தரிசு அல்ல, மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைக்கு விடுகிற நிலம். குறிஞ்சி வளர்வதும் அங்கேதான். குரு வாழ்க்கைக்குத் தந்த வாக்கைப் போலவே அந்த மலைக்கும் அவர் கடைசிவரை உண்மையாக இருந்தார்.

நாமோ டிகிரி வாங்கிய கையோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பெட்டியை ஏற்றியவர்கள். கற்றது சோறு போட்டது, அந்த நன்றி என்றும் குறையாது. ஆனால் இப்போது இருக்கும் வெளிநாட்டு ஊரின் மேப்பிளையும் ஓக்கையும் பெயர் சொல்லத் தெரிந்த நம் பிள்ளைகளுக்குத் தும்பையைக் காட்ட நம்மிடம் ஒரு வேலி ஓரம்கூட இல்லை. ஹெர்பேரியத்துக்குப் பக்கத்திலேயே மூன்று வருடம் இருந்தும் கற்றுக்கொள்ளாமல் வந்த பெயர்கள் எத்தனை என்று இப்போது எண்ணிப் பார்த்து வருந்துகிறோம்.

2006ல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தது. ஃபாதர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. 2018ல் மறுபடி பூத்தது. அழுத்தி வைத்த குறிஞ்சியில் அந்த நீலம் நிற்காது. வருடங்கள் போகப் போகப் பழுப்பாகிவிடும். பூ நீலம் என்று சொல்ல லேபிளில் ஒரு வரி இருக்கும், பறித்த இடமும் தேதியும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும்.