ஒரே பாடத்தை ரெண்டு தடவை எடுக்க விடுங்க

டீச்சிங் பிராக்டிஸ்னு சொன்னாலே நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது ரெக்கார்டு நோட்டும், கலர் கலரா சார்ட்டும், கடைசி பெஞ்சுல உட்கார்ந்து மார்க் போடுற சூப்பர்வைசரும்தான். நான் பெங்களூருல ஜெர்மன் சொல்லிக்குடுக்குறேன், கூடவே ஜெர்மன் டீச்சர் ஆகணும்னு வர்றவங்க கிளாஸ்ல உட்கார்ந்து பார்த்துட்டு அவங்களோட பேசுறதும் என் வேலைதான். பார்த்த வரைக்கும் எனக்கு ரொம்ப உறுதியா தோணுற விஷயம் ஒண்ணு: புதுசா வர்றவங்களுக்கு பத்து வேற வேற பாடம் குடுக்காதீங்க, அஞ்சே பாடம் குடுத்து ஒவ்வொண்ணையும் ரெண்டு பேட்ச்ல ரெண்டு தடவை எடுக்க விடுங்க.

இங்க இப்ப ஜெர்மனுக்கு அவ்வளவு கிராக்கி. நர்ஸ் வேலைக்குப் போறவங்க, மாஸ்டர்ஸ் படிக்கப் போற பசங்க, வீட்டுக்காரரோட போறதுக்கு ஏ1, அதாவது முதல் லெவல் பரீட்சை, எழுதியே ஆகணும்னு வர்ற பொண்ணுங்க, எல்லாரும் வர்றாங்க. வாத்தியார்தான் பத்தல. அதனால பி2, சி1னு மேல் லெவல் முடிச்சவங்களை நேரா ஒரு பேட்ச்ல நிக்க வெச்சுடுறாங்க. பி.எட்.லயாவது 2014 விதிப்படி ரெண்டு வருஷத்துல 20 வாரம் ஸ்கூல் இன்டர்ன்ஷிப் இருக்கு. தனியார் லாங்குவேஜ் சென்டர்ல வேலைக்கு சேர்றவங்களுக்கு அந்த மாதிரி கட்டாயம் எதுவும் கிடையாது, பாஷை தெரிஞ்சா போதும்னு நினைக்கிறாங்க. பாஷை தெரியறது வேற, அதை அறவே தெரியாத ஒருத்தர் முன்னாடி நிக்கிறது வேற.

சமீபத்துல பார்த்த ஒண்ணு சொல்றேன். அல்சூர்லருந்து வர்ற ஒரு பொண்ணு, நல்ல ஜெர்மன், நல்ல தயாரிப்பு. பாடம் ரயில் நேரம் கேக்குறது. "வான் ஃபேர்ட் டேர் ட்ஸூக் அப்?", அதாவது வண்டி எப்ப கிளம்புது. இதுல வினைச்சொல் ரெண்டா பிரிஞ்சு ஒரு துண்டு வாக்கியத்தோட கடைசிக்குப் போயிடும், ஆரம்ப லெவல்ல எல்லாரும் தடுக்கி விழற இடம் அது. அவ லால்பாக், பிருந்தாவன், சதாப்தினு நமக்குத் தெரிஞ்ச வண்டிங்களை வெச்சே டைம்டேபிள் போட்டு, ஏ பேப்பர்ல பாதி நேரம், பி பேப்பர்ல மீதி நேரம்னு பிரிச்சு வெச்சிருந்தா. ஒருத்தரை ஒருத்தர் கேட்டு நிரப்பணும். யோசனை அருமைங்க. ஆனா என்ன பண்ணணும்னு ஜெர்மன்லயே நீளமா விளக்கினா, பாதி பேருக்குப் புரியல. ஜோடி ஜோடியா பக்கத்து பக்கத்துல உட்கார்ந்திருந்ததால பேப்பரை ஒட்டி வெச்சு எட்டிப் பார்த்து காப்பி அடிச்சு முடிச்சிட்டாங்க, பேச்செல்லாம் கன்னடத்துலயும் தமிழ்லயும்தான். எல்லா கட்டமும் சரியா நிரம்பியிருந்துச்சு, அந்தக் கேள்வியை வாய்விட்டு கேட்டவங்க மட்டும் ரொம்ப கம்மி.

வெளில வந்து "அக்கா, நல்லா போச்சுல்ல? எல்லாரும் முடிச்சிட்டாங்க"ன்னா. நான் அபிப்பிராயம் எதுவும் சொல்லல, எழுதி வெச்சிருந்ததை காட்டினேன். நான் கிளாஸ்ல டீச்சரைப் பத்தி எழுதுறதில்ல, எந்த நிமிஷத்துல எந்த ஸ்டூடன்ட் என்ன பண்றாங்கன்னு மட்டும் எழுதுவேன். அவளே படிச்சிட்டு, "பேப்பரை பார்க்க முடியாத மாதிரி உட்கார வெச்சிருக்கணும்க்கா"ன்னா. அடுத்த பேட்ச்ல அதே பாடம். நாற்காலியை முதுகோட முதுகா திருப்பிப் போட்டா, விளக்கம் குடுக்கவே இல்ல, ஒரு ஸ்டூடன்ட்டை முன்னாடி கூப்பிட்டு ரெண்டு பேருமா ஒரு வண்டிக்கு கேட்டு பதில் சொல்லி செஞ்சு காட்டினா. அவ்வளவுதான், ரூமே சத்தமாயிடுச்சு. முதுகு திருப்பி உட்கார்ந்தா நல்லா கேக்காதுல்ல, அதனால "நோஹ்மால் பிட்டே", இன்னொரு தடவை சொல்லுங்கனு யாரும் சொல்லிக்குடுக்காமலே அவங்களுக்கு அது தேவைப்பட்டுச்சு.

அதே பொண்ணுக்கு அடுத்த வாரம் வேற பாடம் குடுத்திருந்தா இந்த நாற்காலி விஷயம் ஒரு நோட்டுல ஒரு வரியா கிடந்திருக்கும்.

இது ஒண்ணும் புது ஐடியா இல்ல. 1963 வாக்குல ஸ்டான்ஃபோர்டுல டுவைட் ஆலன் குழு மைக்ரோ டீச்சிங்கை, அதாவது ஒரு குட்டி பாடத்தை கொஞ்ச பேருக்கு மட்டும் எடுத்துப் பழகுற முறையை, ஆரம்பிச்சப்பவே திரும்ப எடுக்குறது அதோட உயிர்நாடி. நம்ம என்சிஇஆர்டி வகுத்த முறையும் அதேதான்: 6 நிமிஷம் பாடம், 6 நிமிஷம் கருத்து, 12 நிமிஷம் மறுபடி தயாரிப்பு, 6 நிமிஷம் மறுபடி பாடம், 6 நிமிஷம் மறுபடி கருத்து, மொத்தம் 36 நிமிஷம். நிறைய இடத்துல முதல் 6 நிமிஷத்தோட நிறுத்திட்டு மீதியை ரெக்கார்டுல எழுதிடுறாங்க, எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். இன்னொரு பெரிய குறை, கூடப் படிக்கிறவங்களே ஸ்டூடன்ட் மாதிரி நடிக்கிறது. மத்த சப்ஜெக்ட்டுக்கு ஓரளவு சரி, அயல்மொழிக்கு சுத்தமா ஒத்து வராது, ஏன்னா ஏற்கனவே ஜெர்மன் தெரிஞ்சவங்களால தெரியாத முகத்தை காட்டவே முடியாது. அந்த முழிப்பை நேர்ல பார்த்தாதான் டீச்சருக்கு வேகம் குறையும்.

அமெரிக்காவுல மேரி பட் ரோ ஆராய்ச்சி பண்ணினப்ப டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டு அளவுக்குத்தான் காத்திருந்தாங்க, அதை 3 செகண்டுக்கு மேல நீட்டினதும் பதில்கள் நீளமாச்சு. அது சயின்ஸ் கிளாஸ். புது பாஷைல வார்த்தையைத் தேடி எடுத்துக் கோக்கணும்னா இன்னும் நேரம் வேணும்ல.

டைம்டேபிள் பாடத்துக்கும் நம்ம ஊர்லயே வேர் இருக்கு. 1979லருந்து 1984 வரைக்கும் என்.எஸ்.பிரபு நடத்தின இங்கிலீஷ் டீச்சிங் ப்ராஜெக்ட், உலகம் முழுக்க பெங்களூர் ப்ராஜெக்ட்னுதான் பேரு. இலக்கணத்தை முன்னாடி வெக்காம டைம்டேபிள், மேப் மாதிரி ஏதாவது ஒரு வேலையைக் குடுத்து அது வழியா பாஷை வரட்டும்னு சாதாரண ஸ்கூல் பிள்ளைங்க கிட்டயே செஞ்சு பார்த்தாங்க. அதுல ஒரு அளவுகோல் எனக்கு ரொம்ப பிடிக்கும்: கிளாஸ்ல பாதிப் பேராவது வேலைல பாதியாவது சரியா செஞ்சாங்கன்னா அந்த வேலை அந்த கிளாஸுக்கு ஏத்ததுன்னு அர்த்தம். எல்லாரும் எல்லாத்தையும் சரியா செய்யணும்னு பதறுற புது டீச்சர்ஸுக்கு நான் முதல்ல சொல்றது இதுதான், மூச்சு விட இடம் கிடைக்கும் அவங்களுக்கு.

சென்டர் நடத்துறவங்க கிட்ட இதையெல்லாம் சொன்னா, ஃபீஸ் கட்டினவங்க புது டீச்சர்னா கோபப்படுவாங்களேன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்வி. முன்னாடியே சொல்லிடுங்க, இந்த ஒரு மணி நேரம் இவங்க எடுப்பாங்க, உங்க வழக்கமான டீச்சரும் ரூம்லயே இருப்பாங்கன்னு. நான் இருக்குற பேட்ச்ல இதை சொல்லித்தான் ஆரம்பிப்போம், முடிஞ்சதும் எது புரிஞ்சது, எங்க தொலைஞ்சு போனீங்கன்னு ஸ்டூடன்ட்ஸ் கிட்டயே ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வாங்குவோம், தமிழோ கன்னடமோ எந்த பாஷைல வேணா எழுதலாம். அந்தச் சீட்டு மொத்தத்தையும் டிரெய்னி கையில குடுத்துடுவோம், அவங்க ரெண்டாவது பேட்ச் தயாரிப்பு அதுலருந்துதான் ஆரம்பிக்கும்.